பின் சீட் இல்லாத வண்டியின் விலை

என் வண்டியில் இரண்டே இருக்கைகள். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று. பின்னால் சீட் கிடையாது, அந்த இடத்தில் இன்ஜின் இருக்கிறது. மேலப்பாளையத்தில் இதைக் கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். செய்தவன் ஏதோ அவசரத்தில் இன்ஜினைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டான் என்று நினைத்தவர்களும் உண்டு. நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பின் சீட் இல்லை என்பதற்காகவேதான் அதை வாங்கினேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கார் எப்படி நிரம்பும் என்று தெரிந்தால் இது புரியும். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். வாப்பா இருந்தவரை வாப்பா முன்னால். அவர் மௌத்தான பிறகு என் அண்ணன் முன்னால். அண்ணன் ஊரில் இல்லாவிட்டால் மீசை முளைக்காத ஏதாவது ஒரு பொடியன் முன்னால். உம்மா எப்போதும் பின் சீட்டில், நடுவில், மடியில் ஒரு பையோடு. என் கல்யாணம் முறிந்து நான் வீடு திரும்பிய அன்றும் பின் சீட்டில்தான் வந்தேன், இரண்டு மாமிகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு. இவளை அடுத்து என்ன செய்வது என்று முன்னால் இருந்த ஆண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுடைய பிடரிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, இனி எந்த வண்டியிலும் பின்னால் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நான் பல் டாக்டர். பாளையங்கோட்டையில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். சம்பாதிக்கிறேன், வரி கட்டுகிறேன், உம்மாவோடு வாப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீடு அண்ணனுடையது. அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்று கூப்பிடுவோம். பறவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இருந்தாலும் விடிந்ததும் முதல் சத்தம் அவருடையதுதான். அவர் பைபாஸில் பழைய கார்கள் வாங்கி விற்கும் யார்டு வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை கார் என்பது ஓட்டுவதற்கு அல்ல, விற்பதற்கு. வாங்கும்போதே விற்கிற நாளை நினைத்துத்தான் வாங்குவார். எந்த நிறம் போகும், எந்த நிறம் போகாது, எந்த வண்டிக்கு நாங்குநேரி பக்கம் கிராக்கி, எதற்குத் தென்காசிப் பக்கம் கிராக்கி, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். என் கல்யாணம் முறிந்தபோதும் என்னை அதே கண்ணோடுதான் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். நான் முறைத்ததும் பார்வையை மாற்றிக்கொண்டார்.

பழைய வண்டி எப்படி விலை போகும் என்பதை அவர் வாயிலிருந்துதான் படித்தேன். ஷோரூம் வாசலைத் தாண்டியதும் ஒரு விழுகை. அதே வண்டியில் அடுத்த தலைமுறை வரப்போகிறது என்று சேதி வந்ததும் இன்னொரு விழுகை, இதுதான் பெரியது. சாதாரணக் குடும்ப வண்டி என்றால் மெல்ல இறங்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தலைகுப்புற விழும். ஏனென்றால் அதை வாங்குகிறவன் தேவைக்காக வாங்குவதில்லை, நாலு பேர் பார்க்க வாங்குகிறான். புதுசு வந்துவிட்டால் பழையதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் தெரியும்.

அந்த விழுகைக்காகத்தான் நான் காத்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒருவர், அடுத்த தலைமுறை வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு, கையில் இருந்ததைத் தள்ளிவிட அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மன் வண்டி. பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னால் விலை கேட்பீர்கள். சாம்பல் நிறம், வட்டமான முன்விளக்குகள், கையால் மாற்றும் கியர். ஏழு பேர் போகிற புது வண்டி ஒன்று வாங்கும் காசுக்குக் கிடைத்தது. காக்காவை என்கூட வரச் சொன்னேன். அவர் வர மறுத்துவிட்டார்.

"ரெண்டு சீட்டு வண்டிக்கு நம்ம ஊர்ல ரீசேலே கெடையாது. ஒரு மௌத்து வீட்டுக்குப் போவணும்னா கூட யார ஏத்திட்டுப் போவ? காசக் கொண்டுபோயி ஆத்துல போடுத" என்றார்.

தனியாகப் போனேன், தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். கயத்தாறு தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம், ஓட்டி வந்தவன் எங்கே என்று என்னிடமே கேட்டதை நினைத்துத்தான்.

அதற்குப் பிறகு பல வருடம் காக்கா எனக்கு நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார். நகைக்கடைக்காரர் பவுன் விலை சொல்கிற மாதிரி, கிளினிக்கில் ஒருவரின் கடைவாய்ப் பல்லில் நான் கை வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து போன் வரும். உன் வண்டி இன்னும் இறங்கிவிட்டது, சென்னையில் ஒருத்தன் இன்ன விலைக்குக் கேட்டும் ஆள் இல்லை, புது மாடல் பார்த்தாயா, உன்னுடையது அதன் பக்கத்தில் தவளை மாதிரி இருக்கிறது. அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. வண்டி தாழ்வு. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டிலிருந்து கிளினிக் வரைக்கும் எந்த வேகத்தடையை நேராக ஏறலாம், எதைக் கோணலாக ஏற வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. நேராக ஏறினால் வயிறு உரசும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் காக்காவின் நிலவரத்தில் வராத ஒன்று முதல் மாதமே நடந்தது. கல்லிடைக்குறிச்சியில் உம்மாவின் சிநேகிதி ஒருவர் படுக்கையில் இருந்தார். பார்க்கப் போக வேண்டும். உம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, வழக்கம்போல வண்டியின் பின்பக்கம் போய் நின்று கதவைத் தேடினார். பின்கதவு இல்லை. நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன். உம்மா இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தார். பிறகு குனிந்து, சீட்டைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு வழியாக உட்கார்ந்தார். பாயில் உட்கார்ந்து போவது மாதிரி இருக்கிறது என்று முனகினார்.

முன்னீர்பள்ளம் தாண்டும்வரை துப்பட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தார். சேரன்மகாதேவிக்கு முன்னால் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் வாய்க்காலில் தண்ணீர், நேர் எதிரே மலை. உம்மா சீட்டில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "ஏளா, ரோடு இப்படியா நம்ம மேல வருது?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது, இந்த வழியில் எத்தனையோ தடவை போய் வந்தவர், எதிரே வருகிற சாலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். கியரை மாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து உம்மாவுக்குப் போக வேண்டிய இடங்கள் கூடிக்கொண்டே போயின. மணிமுத்தாறு அணைக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால், தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பாத்துட்டு வருவோம் என்பார். பொதுப்பணித்துறைக்குக்கூட அத்தனை கவலை இருக்காது.

இப்படி இருக்கும்போது காக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சாத்தான்குளம், வேலை துபாயில். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் கார்ப் பைத்தியம் என்று காக்காவுக்கு எங்கிருந்தோ தகவல் வந்தது. அந்தச் சமயம் நான் ஒரு பயிற்சிக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. வண்டி தூங்கிவிடக் கூடாது, அவ்வப்போது கிளப்பி வையுங்கள் என்று சாவியைக் காக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

கல்யாண வாரத்தில் திரும்பி வந்து பார்த்தால், வாசலில் வேறு யாருடைய வண்டியோ நின்றது. உடம்பு என்னுடையது. முகம் என்னுடையது இல்லை. வட்ட விளக்குகள் போய், கண்ணைச் சுருக்கி முறைக்கிற புது விளக்குகள். முன் பம்பர் புது மாடலுடையது. பின்னால் இருந்த எழுத்துகூட மாறியிருந்தது. காக்கா பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்றார். வருகிறவர்கள் புது மாடல் என்றே நினைப்பார்கள், எவனாலும் கண்டுபிடிக்க முடியாது, செலவு முழுக்க அவருடையது, நான் ஒரு பைசா தர வேண்டாம். பழைய விளக்குகள் எங்கே என்று கேட்டேன். மதுரையில் வேலை செய்த கடையிலேயே சும்மா கொடுத்துவிட்டாராம்.

பல் டாக்டராகச் சொல்கிறேன், தேய்ந்து பழுத்த வரிசையில் முன்பல் இரண்டை மட்டும் பளீரென்று கட்டிக்கொண்டு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என்னைக் கேட்காமல் என் பொருளைத் தொட்டதற்கு ஒரு கோபம். அதன் வயதை மறைத்ததற்கு அதைவிடப் பெரிய கோபம். வயது தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் கையில் சிக்கினால் வண்டியும் படாத பாடு படும், பெண்ணும் படாத பாடு படுவாள். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். கல்யாண வீட்டில் சத்தம் போடாதே என்றார்.

ஆனால் என் வாய்க்குப் பெரிய வேலை வைக்காமல் வழக்கமே அவருக்குப் பதில் சொல்லியது. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையைப் பெண்ணின் தம்பிதான் கைபிடித்து அழைத்து வர வேண்டும். மண்டபம்வரை வண்டியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தும் வர வேண்டும். மல்லிகைச் சரம் சுற்றி, வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திய பிறகுதான் காக்காவுக்கு உறைத்தது. மாப்பிள்ளைக்கு ஒரு சீட், ஓட்டுகிறவருக்கு ஒரு சீட், தம்பி எங்கே உட்காருவான்? தம்பியே ஓட்டட்டும் என்றால், அவன் ஓட்டிப் பழகியதெல்லாம் தானாகக் கியர் மாறுகிற வண்டி. என் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டான், வண்டி ஒரு குதி குதித்து நின்றது. சரம் முழுக்கத் தரையில். நான் ஓட்டுகிறேன், மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்காரட்டும் என்றேன். பொம்பளை ஓட்டி மாப்பிள்ளை வருவதா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். முகத்தை மாற்றத் தெரிந்தவர்களுக்கு சீட்டை எண்ணத் தெரியவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை யார்டிலிருந்து வந்த ஏழு பேர் வண்டியில் ஏறி, பத்துப் பேரோடு நெருக்கிக்கொண்டு மண்டபம் போனார். அதற்கு அடுத்த வண்டி என்னுடையது. ஓட்டியது நான். பக்கத்தில் உம்மா, கண்ணாடிக்கு நேரே, நிமிர்ந்து. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகத்தைவிட உம்மா முகம்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் சந்தை மெல்லத் திரும்பியது. புதிய தலைமுறை வண்டியில் ஆறு சிலிண்டர் போய் நாலு சிலிண்டர் வந்திருந்தது. இங்கே வந்தவற்றில் கியர் தானே மாறியது. முன்னால் பெரிய திரை. வேகத்தில் குறை சொல்ல முடியாது, பழையதைவிட வேகம்தான். ஆனால் ஓட்டுகிறவருக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. இதற்கு அடுத்தது மின்சாரத்தில் ஓடும் என்ற பேச்சும் கிளம்பியது. கையால் கியர் மாற்றுகிற, காதுக்குப் பின்னால் இன்ஜின் பாடுகிற வண்டியை இனி யாரும் செய்யப்போவதில்லை என்று தெரிந்ததும் பழையதைத் தேட ஆரம்பித்தார்கள். தேடியவர்கள் யார் என்பதுதான் வேடிக்கை. தலை நரைத்தவர்கள் புதியதைக் கேட்டார்கள், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் பழையதைக் கேட்டார்கள். காக்கா இத்தனை வருடம் கற்று வைத்திருந்த பாடத்தில் இது இல்லை. விழுந்த விலை எழும்பி, நான் கொடுத்ததையும் தாண்டிப் போனது. அவருடைய நிலவரப் போன்கள் மறுபடியும் தொடங்கின, இந்தத் தடவை வேறு குரலில்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கொச்சிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சும்மா பார்க்க என்றார். வந்தவர் மரியாதையான ஆள். பெயிண்ட் கனம் அளக்கிற சின்னக் கருவியை ஒவ்வொரு இடமாக ஒற்றி ஒற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டார். கியரைத் தொட்டு முகம் மலர்ந்தார். பிறகு முன்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்குகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் பழையதாகவே இருந்திருந்தால் காக்கா சொன்ன விலைக்கு மேலேயே தந்திருப்பேன் என்றும், இந்த முகத்தோடு என்றால் பாதிக்கும் கேட்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். காக்கா அன்றைக்கு நின்ற நிற்பை நான் மறக்க மாட்டேன். மதிப்பு ஏற வேண்டும் என்று அவர் தன் கைக்காசைப் போட்டுச் செய்தது, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். காக்கா விடவில்லை. மதுரைக்குப் போய் அதே கடையில், சும்மா கொடுத்த விளக்குகளையும் பம்பரையும் கெஞ்சிக் கூத்தாடி, சொன்ன விலைக்கு வாங்கி வந்து யார்டில் வைத்தார். கொச்சிக்காரரிடம் பேசி முடித்தார். அட்வான்சும் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். இத்தனையும் முடித்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னார்.

முடியாது என்றேன். விலை உச்சத்தில் இருக்கிறது, இப்போது விட்டால் பிடிக்க முடியாது, அந்தக் காசில் பாளையங்கோட்டையில் உனக்கென்று ஒரு வீடு, நாளைக்கு வயசான காலத்தில் யாரையும் அண்டி நிற்க வேண்டாம் என்றார். அவர் என்மேல் அக்கறையில்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. அக்கறை இருக்கிறவர்கள் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன். வாக்கு மாறுனா நாளைக்கு எவன் நம்ம யார்டுக்கு வருவான்?" என்றார்.

"வாக்குக் குடுத்தது நீங்க. உங்க வண்டியக் குடுங்க" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு உம்மாவிடம் போனார். நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று நெடுநேரம் பேசினார். உம்மா வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எந்த விஷயமானாலும் கடைசியில் உம்மா மகன் பக்கம்தான் சாய்வார். உம்மாவும் விற்கச் சொல்லிவிட்டால் என்னால் எதிர்த்து நிற்க முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் உம்மா பசியாறிவிட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வண்டியைத் திறக்கச் சொன்னார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். திற என்றார். திறந்தேன். போய் முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட்டையும் இழுத்து மாட்டிக்கொண்டு, தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தார். வாசலில் வெயில் ஏறியது. உம்மா இறங்கவில்லை.

காக்கா கொச்சிக்காரரோடு வந்து சேர்ந்தார். வண்டிக்குள் உம்மாவைப் பார்த்ததும் நடை தயங்கியது. நான் சொன்னேனே, வண்டி தாழ்வு. உள்ளே இருப்பவரோடு பேச வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். பைபாஸில் எவனுக்கும் குனியாத ஆள், இடுப்பை மடக்கி, ஜன்னலில் கை ஊன்றிக் குனிந்தார்.

"உம்மா, ஆளு வந்துட்டாங்க. எறங்குங்க" என்றார்.

உம்மா மணியை நிறுத்தினார். கோபமே இல்லாத குரலில்தான் பேசினார்.

"கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து எல்லா வண்டியிலயும் பின்னாலதாம்லே உக்காந்து வந்தேன். மொதல்ல உங்க வாப்பா பெடரி, பொறவு உன் பெடரி. அதத்தான் பாத்தேன். இவ வண்டியிலதான் நான் ரோட்டப் பாக்கேன். இதுல இருந்து என்னய எறங்கச் சொல்லுத."

காக்கா நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கொச்சிக்காரரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசி, அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தார். வாக்கு மாறியதற்கு மன்னிப்பும் கேட்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை. இன்ஜின் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாமா என்று மட்டும் உம்மாவிடம் கேட்டார். உம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் காக்கா மெதுவாக என் பக்கம் வந்தார். பழைய விளக்கும் பம்பரும் யார்டில் சும்மாதான் கிடக்கின்றன, நாளைக்கே மாட்டித் தந்துவிடுகிறேன், விலையும் பழையபடி நிற்கும் என்றார். அந்த வட்ட விளக்குகளுக்காக நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் ஆசைதான். ஆனாலும் மறுத்துவிட்டேன்.

"இந்த மூஞ்சியோடயே இருக்கட்டும் காக்கா. இது இருக்குற வரைக்கும் எவனும் வெல கேட்டு வாசலுக்கு வரமாட்டான்."

அவர் என்னை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு சுற்றிப்போய், தன் வழக்கப்படி உம்மா பக்கத்து ஜன்னல் விளிம்பில் தட்டி, பைய போளா, ரோட்டுல கூட்டமா இருக்கும் என்றார்.

உம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"அவன் கெடக்கான்," என்றார். "நீ போ."